995: தீ குறைந்தும் படையின் வேலை ஏன் குறையவில்லை? சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ஆண்டுக் கணக்கைப் படிக்கும் முறை

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் முந்தைய ஆண்டின் புள்ளிவிவரங்களை வெளியிடுகிறது. செய்திகளில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு எண்கள்தாம்: தீச்சம்பவங்கள் எத்தனை, அவசர மருத்துவ அழைப்புகள் எத்தனை. 2023இல் 1,954 தீச்சம்பவங்கள், 246,864 மருத்துவ அழைப்புகள். 2024இல் 1,990 தீச்சம்பவங்கள், ஏறத்தாழ 245,000 மருத்துவ அழைப்புகள்.

இவற்றைப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. 2014ஆம் ஆண்டில் 4,724 தீச்சம்பவங்கள் பதிவாகின. இன்று அதில் பாதிகூட இல்லை. அப்படியானால் தீயணைப்பு வேலை பாதியாகிவிட்டதா? தீயணைப்புப் படை என்று நாம் நினைக்கும் அமைப்புக்குத் தீயைப்போல நூறு மடங்குக்கும் மேல் மருத்துவ அழைப்புகள் வருவது ஏன்? தேவையின்றி 995 என்ற அவசர எண்ணை அழைக்காதீர்கள் என்று இத்தனை முறை சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

சம்பவங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. நிமிடங்களைப் பார்க்க வேண்டும். தீயணைப்பு வண்டி வருவதற்கு வைத்திருக்கும் இலக்கு 8 நிமிடம். ஆம்புலன்ஸுக்கு 11 நிமிடம். ஆனால் இதயம் நின்றவரின் மூளையும், கொதிக்கும் எண்ணெயும், வெடிக்கத் தொடங்கிய மின்கலனும் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் இந்தப் படையின் கடந்த சில பத்தாண்டு வேலை.

1. ஒரே கூரையின்கீழ் மூன்று சேவைகள் வந்த கதை

சிங்கப்பூரின் முறையான தீயணைப்புப் படை 1888இல் தொடங்கியது. ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக இன்றும் நிற்கும் மத்தியத் தீயணைப்பு நிலையம் 1909இலிருந்து இயங்கி வருகிறது. அன்றைய சிங்கப்பூரில் தீ என்றால் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைகளும் பலகைச் சுவர்களும் நெருக்கியடித்த கம்பங்களின், அதாவது குடிசைக் கிராமங்களின், தீ. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் நால்வர் இறந்தனர். ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) அமைக்கப்பட்டிருந்தது. வீடிழந்தவர்களை அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்திய வேகம் இந்த நகரின் உருவத்தையே மாற்றியது. தீயின் குணமும் அதோடு மாறியது: கான்கிரீட் சுவருக்குள் பிடிக்கும் தீ பெரும்பாலும் அந்த ஒரு வீட்டோடு நின்றுவிடும், ஆனால் உள்ளே இருப்பவருக்கு வெளியேற ஒரே வாசல்தான்.

அடுத்து ஆம்புலன்ஸ். மருத்துவமனைகளிடம் இருந்த அவசர ஆம்புலன்ஸ் சேவை 1970களின் பிற்பகுதியில் தீயணைப்புப் படையின் கைக்கு வந்தது. தீவு முழுக்கப் பரவிய நிலையங்களும் இருபத்து நான்கு மணி நேர முறைப்பணியும் ஏற்கெனவே அதனிடம் இருந்தன. நோயாளியை விரைவாக அடைவதற்கு அவைதான் முதல் தேவை.

மூன்றாவது, பேரிடர் மீட்பு. போர், பேரிடர் காலத்தில் மக்களைக் காக்கவென்று குடிமைத் தற்காப்புப் படை 1982இல் உருவானது. நான்கே ஆண்டில், 1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் ரோட்டில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் சில நொடிகளில் சரிந்தது. 33 பேர் இறந்தனர். இடிபாடுகளுக்குள்ளிருந்து 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டனர். தீயணைப்பாளர்கள், ராணுவத்தினர், அப்போது எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் என்று பல தரப்பினரும் அங்கே தோளோடு தோள் நின்றனர். இப்படிப்பட்ட வேலைக்குத் தனிப் பயிற்சியும் கருவியும் ஒரே தலைமையும் வேண்டும் என்பது அந்த நாள்களில் தெளிவானது. 1989இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

ஆகவே ஆண்டுக் கணக்கில் நாம் பார்ப்பது தீ, மருத்துவம், மீட்பு மூன்றையும் ஒரே நிலையத்திலிருந்து செய்யும் அமைப்பின் கணக்கு. தேசிய சேவை எனும் கட்டாயப் படைச்சேவையில் இருக்கும் இளையர்களும் இதன் வரிசையில் உள்ளனர். 2022 டிசம்பர் 8ஆம் தேதி ஹெண்டர்சன் ரோட்டில் வீவக வீடு ஒன்றில் பிடித்த தீயை அணைக்கச் சென்ற 19 வயது முழுநேர தேசிய சேவையாளர் உயிரிழந்தார். தீயணைக்கும் பணியில் படை தன் வீரர் ஒருவரை இழந்தது அதுவே முதன்முறை. அந்த ஆண்டின் தீச்சம்பவ எண்ணிக்கை 1,799. பல ஆண்டுகளில் மிகக் குறைந்த எண்ணிக்கைகளுள் அது ஒன்று என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2. ‘ஒரு தீச்சம்பவம்’ என்றால் என்ன?

வரிசையாகப் பார்ப்போம். 2018இல் 3,885. 2019இல் 2,862. 2020இல் 1,877. 2021இல் 1,844. 2022இல் 1,799. பிறகு 2023இல் 1,954, 2024இல் 1,990.

2018க்கும் 2020க்கும் இடையில் எண்ணிக்கை பாதிக்குமேல் சரிந்திருக்கிறது. மக்கள் திடீரென்று இரு மடங்கு கவனமாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, குப்பைக் குழாய்த் தீ. பழைய வீவக புளோக்குகளில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், மேல்மாடியிலிருந்து யாரோ அணைக்காத சிகரெட்டையோ பிரார்த்தனைத் தாள்களின் கனலையோ குழாயில் போட, கீழே தேங்கிய குப்பை புகையத் தொடங்கும். சேதம் பெரிதாக இராது. ஆனால் அதுவும் கணக்கில் ஒன்று. முந்தைய ஆண்டுகளில் குடியிருப்புத் தீச்சம்பவங்களில் பெரும் பங்கு இவையே. இவை குறைந்தபோது மொத்த எண்ணிக்கையும் கூடவே இறங்கியது.

இரண்டாவது, வானிலை. 2014இன் தொடக்கத்தில் சிங்கப்பூர் நீண்ட வறட்சியைக் கண்டது. புல்லும் புதரும் காய்ந்து கிடந்த அந்த வாரங்களில் புல்வெளித் தீ பெருகியது. அந்த ஆண்டின் 4,724 என்ற உச்சத்தில் அதற்கும் பங்குண்டு. மழை நன்றாகப் பெய்த ஆண்டோடு அதை நேராக ஒப்பிடுவது சரியாகாது.

மூன்றாவது, அளவு. 2018 மார்ச் 20ஆம் தேதி புலாவ் பூசிங் தீவில் எண்ணெய்த் தொட்டி தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் போராடி அதை அணைத்தனர். ஆண்டுக் கணக்கில் அதுவும் ஒன்று. புளோக் கீழ்த்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரில் அடங்கிய தீயும் ஒன்று.

ஆகவே மொத்த எண்ணிக்கை ஏறியதா இறங்கியதா என்பதைவிட அதன் உள்ளே எந்த வகைத் தீ கூடியது என்பதே முக்கியம். கூடியிருப்பவை வீட்டுக்குள் பிடிப்பவை, வேகமாகப் பரவுபவை. இரண்டை மட்டும் விரிவாகப் பார்க்கலாம்.

3. அடுப்பில் வைத்த எண்ணெய்

வீடுகளில் பிடிக்கும் தீயில் முதல் காரணம், அடுப்பை எரியவிட்டு அப்பால் போய்விடுவது. தொலைபேசி வரும், குழந்தை அழும், மருந்தின் மயக்கத்தில் கண் அயரும். அடுப்பில் வாணலி இருக்கும்.

சமையல் எண்ணெய் சூடேறும்போது முதலில் புகை கிளம்பும். தொடர்ந்து சூடேறி 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வாக்கில் தீப்பொறியே தேவையில்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். புகையைக் கண்டவுடன் அடுப்பை அணைத்தால் அதோடு முடிந்தது. பற்றிக்கொண்ட பிறகு பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவதுதான் பேராபத்து. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது, அடியில் இறங்கும். அந்தச் சூட்டில் நொடிப்பொழுதில் ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,700 மடங்கு அளவுக்குப் பெருகும். அந்த ஆவி, எரியும் எண்ணெயைத் துளித்துளியாக வாரி இறைக்கும். வாணலிக்குள் இருந்த தீ, கூரை உயரத்துக்கு எழும். முகமும் கையும் வெந்துபோவது அந்தக் கணத்தில்தான்.

செய்ய வேண்டியது: எட்ட முடிந்தால் அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டையான மூடியால் மூடிவிடுவது. காற்று இல்லாவிட்டால் தீ அடங்கும். மூடியை உடனே திறக்கக்கூடாது. எண்ணெய் இன்னும் சூடாகத்தான் இருக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்கு ஓடுவதும் கூடவே கூடாது.

இங்கே 8 நிமிட இலக்கு எவ்வளவு தாமதமானது என்று பாருங்கள். எண்ணெய் பற்றியதிலிருந்து அலமாரிக்குத் தீ தாவ ஒன்றிரண்டு நிமிடம் போதும். அதனால்தான் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளிலும், தீப்பாதுகாப்பு சார்ந்த புதுப்பிப்பு வேலை நடக்கும் பழைய வீடுகளிலும் வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. உள்ளங்கை அகலப் பெட்டி அது. புகையை உணர்ந்ததும் காது கிழியக் கத்தும். வேறெதுவும் செய்யாது. ஆனால் வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்களில் தூங்குபவரை எழுப்பக்கூடியது வேறொன்றுமில்லை. பழைய வீடுகளில் சட்டம் கேட்கவில்லை என்பதற்காக மாட்டாமல் இருப்பது சரியன்று. முதியோர் தனியாக இருக்கும் வீட்டில் அது கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்.

4. வாசலருகே சார்ஜ் ஆகும் மின்கலன்

மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள், நடமாட்ட உதவிச் சாதனங்கள் ஆகியவற்றால் ஏற்படும் தீ 2021இல் 63, 2022இல் 42, 2023இல் 55, 2024இல் 67. மொத்தத்தில் இது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். ஆனாலும் படை இதைத் தனியே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் அந்தத் தீயின் தன்மை.

லித்தியம் அயனி மின்கலனுக்குள் நேர்முனை, எதிர்முனை இரண்டையும் பிரிப்பது தாளைவிட மெல்லிய ஒரு படலம். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். கலன் கீழே விழுந்து நசுங்கினாலோ, நீர் புகுந்தாலோ, பொருத்தமில்லாத சார்ஜரால் அளவுக்குமேல் மின்னேற்றினாலோ, படலம் சேதமாகி உள்ளுக்குள்ளேயே மின்கசிவு உண்டாகும். அதனால் சூடு. சூட்டினால் வேதிப்பொருள்கள் சிதையும். சிதைவதால் இன்னும் சூடு. ஒரு கட்டத்துக்குமேல் இந்தச் சுழலை வெளியிலிருந்து யாராலும் நிறுத்த முடியாது. ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்கள் பீய்ச்சியடித்துத் தீச்சுடராக வெளிவரும். ஒரு மின்ஸ்கூட்டர் பெட்டிக்குள் இப்படிப் பல பத்துக் கலன்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததைச் சூடாக்கும். அணைந்தது போலத் தோன்றிச் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றுவதும் உண்டு.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் வீவக வீடொன்றில் மின்ஸ்கூட்டர்கள் சம்பந்தப்பட்ட தீயில் ஓர் ஆடவர் இறந்தார். இச்சாதனங்களால் இங்கு நேர்ந்த முதல் உயிரிழப்பு அது. 2020 ஜூலை 1 முதல் யூஎல்2272 தரச்சான்று இல்லாத மின்ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தது. மின்சைக்கிள்களுக்கு இஎன்15194 என்ற தரமும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் வேண்டும்.

சான்று பெற்ற வண்டியிலும் ஆபத்து முளைப்பது எங்கே? தூரம் கூடுதலாக ஓடவென்று இணையத்தில் மலிவாக வாங்கிப் பொருத்தும் வேற்று மின்கலனில். இரவெல்லாம் சார்ஜில் விட்டுத் தூங்குவதில். எல்லாவற்றையும்விட, வண்டியை நிறுத்தும் இடத்தில். வீட்டுக்குள் நுழைந்ததும் வண்டியை வாசலருகே சாத்திவிட்டு அங்கேயே மின்னேற்றுவது வழக்கமாகிவிட்டது. வீவக வீட்டுக்கு வாசல் ஒன்றுதான் என்று முதலிலேயே பார்த்தோம். மின்கலன் வெடித்தால் தப்பிக்கும் வழியே தீயின் வழியாகிவிடும். உணவு விநியோகத்தில் ஈடுபட்டு நாளெல்லாம் ஓடிக் களைத்து வருபவருக்கு இது தொல்லையாகத் தெரியலாம். ஆனாலும் தூங்கப் போகுமுன் சார்ஜரைக் கழற்றுவதும் வண்டியை வாசலைவிட்டுத் தள்ளி வைப்பதும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

மின்கலன் சீறத் தொடங்கிவிட்டால் அணைக்க முயலக்கூடாது. எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, 995ஐ அழைக்க வேண்டும். மூடிய கதவு தீயையும் நச்சுப்புகையையும் சில நிமிடங்கள் தடுத்து வைக்கும்.

5. இரண்டு நிமிடத்துக்கு ஒரு மருத்துவ அழைப்பு

இப்போது பெரிய எண்ணுக்கு வருவோம். 2023இன் 246,864 மருத்துவ அழைப்புகளை நாள்களாகப் பிரித்தால் ஒரு நாளைக்கு 676. சராசரியாக இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒன்று. 2019இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 191,000ஆக இருந்தது. நான்கே ஆண்டில் 55,000க்கு மேல் கூடியிருக்கிறது. ஒரு தீச்சம்பவத்துக்கு 126 மருத்துவ அழைப்புகள் என்பது 2023இன் விகிதம்.

முதன்மைக் காரணம், மக்கள்தொகை மூப்படைவது. ஆம்புலன்ஸைத் தேடும் கைகளில் 65 வயதைக் கடந்தவர்களுடையவை பெரும் பங்கு. பிறப்பு விகிதமும் ஆயுளும் போகும் திசையைப் பார்த்தால் இந்த எண் இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2024இல் தெரிந்த சிறு சரிவைப் போக்கு மாற்றமாகக் கொள்ளக்கூடாது.

எல்லா அழைப்பையும் ஒரே மாதிரி நடத்தினால் அமைப்பு திணறிவிடும். 2017 ஏப்ரல் முதல் படை அழைப்புகளைத் தரம் பிரித்து அனுப்புகிறது. சுருக்கமாகச் சொன்னால் நான்கு நிலைகள்:

1. உயிருக்கு ஆபத்து: இதயத்துடிப்பு நின்றது, மூச்சு நின்றது, நினைவிழந்தது. ஆம்புலன்ஸோடு, அருகில் உள்ள தீயணைப்பு வீரர்களும் அனுப்பப்படுவர்.
2. அவசரம்: எலும்பு முறிவு, கடும் வலி போன்றவை. உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும் தாமதித்தால் முற்றும்.
3. சிறு அவசரம்: சிறு காயம், தொடர்ந்த காய்ச்சல். மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் ஆம்புலன்ஸ் தேவையில்லை.
4. அவசரமற்றது: நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு போன்றவை.

அவசர நோயாளிக்கு ஆம்புலன்ஸ் இலவசம். மருத்துவமனையில் பரிசோதித்து அவசரமில்லை என்று தீர்மானித்தால் 274 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். சாதாரண ஆம்புலன்ஸ் வேண்டுவோர் 1777ஐ அழைத்துத் தனியார் வண்டியைப் பெறலாம்.

‘ஒருவர் தேவையில்லாமல் அழைத்தால் என்ன கெட்டுவிடும்’ என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஓர் ஆம்புலன்ஸ் கிளம்பி, நோயாளியைப் பார்த்து, மருத்துவமனையில் ஒப்படைத்து, வண்டியைச் சுத்தம் செய்து மறுபடி தயாராவதற்குள் நெடுநேரம் போய்விடுகிறது. அந்த நேரம் முழுக்க அந்த வட்டாரத்துக்கு ஒரு வண்டி குறைவு. அங்கே ஒருவருக்கு இதயம் நின்றால் அடுத்த வட்டாரத்து வண்டிதான் வர வேண்டும். 11 நிமிடம் 14 நிமிடமாவது இப்படித்தான்.

இதயம் நின்ற பிறகு நான்கு நிமிடம் வாக்கில் மூளை சேதமடையத் தொடங்கும். நெஞ்சை அழுத்தும் சிபிஆர் சிகிச்சையோ ஏஇடி கருவியின் மின்னதிர்ச்சியோ கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கும். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும் முதல் நான்கு நிமிடத்தை அதனால் பிடிக்க முடியாது. எனவே அந்த நிமிடங்களை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 995ஐ எடுப்பவர் தொலைபேசியிலேயே, ‘நெஞ்சின் நடுவே கையை வையுங்கள், என்னோடு சேர்ந்து எண்ணுங்கள்’ என்று அழைத்தவரைச் சிபிஆர் செய்யவைப்பதும், 2015இல் வந்த மைரெஸ்பாண்டர் செயலி 400 மீட்டருக்குள் இருக்கும் தொண்டர்களுக்குத் தகவல் அனுப்புவதும், வீவக மின்தூக்கி முகப்புகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்றாக ஏஇடி பெட்டிகள் வைக்கப்பட்டிருப்பதும் இதற்காகவே. உங்கள் புளோக்கில் இருக்கிறதா, பக்கத்து புளோக்கிலா என்று இன்றே பார்த்துவைப்பது நல்லது.

6. எட்டு நிமிடம் எங்கே கரைகிறது?

சிங்கப்பூர் சிறிய தீவு. சாலைகள் நல்லவை. ஆயினும் நெரிசல் உண்டு. அதைவிட, சாலையில் போகும் நேரம் பாதிக் கதைதான். புளோக்கின் கீழே வண்டி நின்ற பிறகு பன்னிரண்டாம் மாடிக்கு ஏற வேண்டும்.

தூரத்தைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களோடு, குடியிருப்புப் பேட்டைகளுக்கு உள்ளேயே சிறு தீயணைப்புச் சாவடிகள் அமைக்கப்பட்டன. ‘சிவப்புக் காண்டாமிருகம்’ எனப்படும் சிறிய வண்டியில் ஒரு சிறு குழு செல்லும். பெரிய வண்டி திரும்ப முடியாத வாகன நிறுத்துமிடச் சந்துகளிலும் அது நுழைந்துவிடும்.

மேலே தண்ணீர் போவதற்கு அடுக்குமாடிகளில் உலர் நீரேற்றுக் குழாய் உண்டு. சாதாரண நேரத்தில் உள்ளே தண்ணீர் இராது. வீரர்கள் கீழ்த்தளத்தில் உள்ள அதன் வாயில் வண்டியின் குழாயை மாட்டி நீரை ஏற்றுவர்; மேல்மாடியில் இன்னொரு குழு அங்கிருக்கும் திறப்பில் தன் குழாயை மாட்டும். சில புளோக்குகளில் குடியிருப்பாளர்களே இழுத்துப் பயன்படுத்தக்கூடிய குழாய்ச் சுருளும் பெட்டிக்குள் இருக்கும். இந்த ஏற்பாடு பழுதில்லாமல் இருந்தால்தான் எட்டு நிமிடத்துக்குப் பொருளுண்டு. 2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்கில் தீப்பிடித்தபோது குழாய்ச் சுருள் பெட்டிகள் பூட்டிக் கிடந்தன. உடைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பயிற்சியும் வேகமும் ஒரு சிறு பூட்டின் முன் காத்து நின்றது வேதனையான விஷயம்.

பொது நடைபாதையில் செருப்பு அலமாரி, பூந்தொட்டி, பழைய சோபா, சைக்கிள் என்று சேர்ப்பதும் இதே வகை. குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. முழுக் கவசமும் மூச்சுக்கருவியும் அணிந்த வீரர், புகையில் கண் தெரியாமல், தண்ணீர் நிறைந்த குழாயை இழுத்துக்கொண்டு போகத் தேவையான அகலம் அது. தூக்குப்படுக்கையோடு வரும் துணை மருத்துவருக்கும் அதே அகலம்தான்.

7. தீ வருமுன்

ஆண்டறிக்கையில் ஆய்வு, அமலாக்கம் பற்றிய பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுவர். தீப்பாதுகாப்புச் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. 200 பேருக்குமேல் கொள்ளும் பொதுக் கட்டடங்கள் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசர வழியைப் பூட்டுவது, அனுமதியின்றி அறைகளைப் பிரிப்பது, எளிதில் பற்றும் பொருள்களை உரிமமின்றிச் சேமிப்பது ஆகியவை குற்றம்.

ஆய்வுக்கு அகப்படாத ஆபத்தும் உண்டு. 2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் ஒரு பட்டறையில் நடந்த வெடிப்பில் மூன்று ஊழியர்கள் இறந்தனர். அங்கே வெடிப்பைத் தொடர்ந்து எழுந்த தீயை வளர்த்தது உருளைக்கிழங்கு மாவின் தூசி. மாவு குவியலாகக் கிடந்தால் எளிதில் எரியாது. காற்றில் மென்தூசியாகப் பரவிச் சூடான பொறியைச் சந்தித்தால் வெடிக்கும். விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, எரியக்கூடிய தூசி பற்றிய கட்டுப்பாடுகள் கவனம் பெற்றன. அந்த மூன்று உயிர்களின் விலையில் வந்த கவனம் அது.

8. கணக்கில் ஏறாத நிமிடங்கள்

2025 ஏப்ரல் 8ஆம் தேதி காலை ரிவர் வேலி ரோட்டில் சிறுவர்களுக்கான வகுப்புகள் நடந்த கடைவீட்டில் தீப்பிடித்தது. மேல்மாடிச் சன்னலுக்கு வெளியே குழந்தைகள் புகைக்கு நடுவே நின்றனர். பக்கத்தில் கட்டுமான வேலையில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள், அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவரும் உண்டு, ஏணியையும் சாரக்கட்டையும் கொண்டுவந்து ஏறிக் குழந்தைகளைக் கைக்குக் கை மாற்றி இறக்கினர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை மருத்துவமனையில் காப்பாற்ற முடியாமல் போனது. மற்ற குழந்தைகள் பலர் வீடு திரும்பியதற்கு அந்த ஊழியர்கள் ஏறிய நிமிடங்கள் காரணம். மனிதவள அமைச்சு அவர்களுக்குப் பாராட்டு நாணயம் வழங்கிச் சிறப்பித்தது.

அவர்களைப் போற்றுவது நியாயம். அதோடு கூடவே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. தொழிலாளர் தங்கும் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கமாக வாழ்கிறார்கள். நகரின் எந்த மூலையிலும் பகல் முழுக்க வேலையில் இருக்கிறார்கள். சிபிஆர், தீயணைப்புக் கருவி ஆகியவற்றில் அவர்களுக்குத் தமிழிலும் வங்காளத்திலும் பயிற்சி பரவலாகக் கிடைத்தால், அதன் பயன் விடுதியோடு நிற்காது. அவர்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தெருவுக்கும் போய்ச்சேரும். சமூகப் பயிற்சிக்கென ஒதுக்கும் பணத்தில் இதற்கு முன்னுரிமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

995ஐ அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இடம்: புளோக் எண், தெரு, மாடி, வீட்டு எண். பிறகு என்ன நேர்ந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. பதற்றத்தில் பலரும் நடந்ததைத்தான் முதலில் விவரிக்கத் தொடங்குகிறார்கள். தொடர்பு அறுந்துவிட்டால் எங்கே வருவது என்று தெரியாமல் போகும். எடுப்பவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதால் வண்டி தாமதமாகிறது என்று கோபிக்கத் தேவையில்லை. முகவரி கிடைத்ததுமே அனுப்பும் வேலை தொடங்கிவிடும். கேள்விகள், வரும் குழு எதற்குத் தயாராக வேண்டும் என்பதற்கும் நீங்கள் அதற்குள் என்ன செய்யலாம் என்று சொல்வதற்கும். அவர் போகச் சொல்லும் வரை தொலைபேசியை வைக்காதீர்கள். கூட இன்னொருவர் இருந்தால் அவரைக் கீழே அனுப்பி, மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.